வீட்டில் நிஜ ரயில் எஞ்சின்: துணையின் சம்மதம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொம்மை ரயில் அல்ல, தோட்டத்தில் ஓடும் சிறு மாதிரியும் அல்ல. தண்டவாளத்தில் உழைத்து ஓய்ந்த முழு அளவு எஞ்சினையே வாங்கி வீட்டு வளாகத்தில் நிறுத்த விரும்புகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம். "எந்த எஞ்சின் நல்லது?" என்று கேட்பவர்களைவிட "வீட்டில் ஒத்துக்கொள்ள மாட்டேங்கிறாங்களே" என்பவர்களே அதிகம். உண்மையில் இரண்டும் ஒரே கேள்விதான். துணையின் மறுப்புக்கான காரணங்கள் பெரும்பாலும் எஞ்சினின் எடையிலும் அழுக்கிலும் செலவிலுமே இருக்கின்றன. அவற்றைச் சரியாகக் கணக்கிட்டவருக்குத்தான் பேச வாய் வரும்.

1. ஆசை முத்திப்போச்சு. மனைவிகிட்ட எப்போ பேச்சை ஆரம்பிக்கலாம்?

குறிப்பிட்ட ஒரு எஞ்சினில் மனம் போவதற்கு முன்பே. "ஒரு எஞ்சின் பார்த்திருக்கேன், இந்த மாசத்துக்குள்ள எடுக்கலைன்னா பழைய இரும்புக்குப் போயிடும்" என்று ஆரம்பித்தால் அங்கே பேச்சு இல்லை, நெருக்கடிதான் இருக்கிறது. நெருக்கடியில் கிடைக்கும் சம்மதம் கிரேன் வரும் நாள்வரைகூட நிற்காது.

முதல் பேச்சில் உங்கள் ஆசையை மட்டும் சொல்லுங்கள். பிறகு அவர் என்னவெல்லாம் கவலைப்படுகிறார் என்று கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அன்றே எதற்கும் பதில் சொல்ல வேண்டாம். அந்தத் தாள்தான் அடுத்த சில மாதங்களுக்கு உங்கள் வேலைப் பட்டியல். ஒவ்வொரு கவலைக்கும் அளவோ ஆவணமோ கிடைத்த பிறகு மறுபடி உட்கார்ந்து பேசுங்கள்.

2. வாங்கிட்டு வந்து நிறுத்திட்டா தானா சமாதானம் ஆயிடுவாங்கன்னு நண்பர் சொல்றார். சரியா வருமா?

வராது. பிடிக்காத சோபாவைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். எஞ்சினை வெளியே எடுக்க அதே கிரேன், அதே ட்ரெய்லர், உள்ளே கொண்டுவர ஆன அதே செலவு. அதைவிட முக்கியமானது, இது ஆண்டுக்கணக்கில் விடுமுறை நாட்களைத் தின்னும் வேலை. வீட்டில் உள்ளவரின் மனம் இல்லாமல் அதைத் தொடரவே முடியாது.

3. "ரயில் எஞ்சின்"னு சொன்னதுமே அவங்க ஸ்டேஷன்ல நிக்கிற பெரிய எஞ்சினை நினைச்சுக்கிறாங்க. சின்னதும் இருக்குன்னு எப்படிப் புரியவைக்கிறது?

அவர் நினைப்பது தவறில்லை. இந்திய ரயில்வேயின் டபிள்யூடிஎம்-2 டீசல் எஞ்சின் 112.8 டன் எடை, 17 மீட்டருக்கும் மேல் நீளம். அப்படி ஒன்றை வீட்டு வளாகத்தில் நிறுத்துவது ஏறக்குறைய நடக்காத காரியம். ஆனால் சுரங்கம், செங்கல் சூளை, கரும்பாலை, தோட்டம் ஆகியவற்றில் ஓடிய நேரோ கேஜ் எஞ்சின்கள் வேறு ரகம். கேஜ் என்பது இரண்டு தண்டவாளங்களுக்கு இடையிலான அகலம். 610 மில்லிமீட்டர் கேஜில் ஓடிய சிறு டீசல்கள் இரண்டரை முதல் நான்கு டன்வரை இருக்கும், நீளம் சுமார் மூன்று மீட்டர். ஒரு காரை நிறுத்தும் இடத்தில் அடங்கிவிடும். அதே கேஜில் நான்கு சக்கர நீராவி எஞ்சின் என்றால் ஆறு முதல் பத்து டன், ஐந்து மீட்டர் அளவு. தொழிற்சாலைகளில் வேகன் தள்ளிய பெரிய கேஜ் சிறு எஞ்சின்கள் 15 முதல் 30 டன்வரை போகும்.

எண்களைச் சொல்வதைவிடத் தரையில் காட்டுவது பலன் தரும். எஞ்சின் நிற்கும் இடத்தைச் சுற்றி நான்கு மூலையிலும் புகைபோக்கி உயரத்துக்குக் கம்பு நட்டுக் கயிறு கட்டுங்கள். இரண்டு வாரம் அப்படியே இருக்கட்டும். துணி காயப்போடும்போது இடிக்கிறதா, கார் கதவு திறக்கிறதா, சமையலறை ஜன்னலுக்கு வரும் வெளிச்சம் குறைகிறதா என்று இருவருக்கும் தெரிந்துவிடும். மறைக்கிறது என்றால் கம்பை நகர்த்துவது எளிது.

4. எஞ்சின் நீளத்துக்கு இடம் இருந்தா போதும்தானே?

போதாது. இந்த ஒரு தவறான கணக்குதான் பின்னால் "நீங்க சொன்னது இவ்வளவுதானே, இப்ப தோட்டமே போச்சே" என்ற சண்டையாக வருகிறது. எஞ்சின் நீளத்துடன் முன்னும் பின்னும் இரண்டு மீட்டர் சேர்த்துத் தண்டவாளம் வேண்டும். ஐந்து மீட்டர் எஞ்சினுக்கு ஒன்பது மீட்டர் பாதை. 60 சென்டிமீட்டருக்கு ஒன்றாக 16 ஸ்லீப்பர் கட்டைகள், அடியில் 20 சென்டிமீட்டர் கனத்துக்கு 40 முதல் 60 மில்லிமீட்டர் ஜல்லி. இரண்டு மீட்டர் அகலத்துக்குப் போட்டாலே மூன்றரை கனமீட்டருக்கு மேல், அதாவது ஐந்து டன்னுக்குக் குறையாத ஜல்லி வரும். ஜல்லிக்குக் கீழே மண் ஏறாமல் வடிகட்டித் துணி விரிக்க வேண்டும், தண்ணீர் வடியச் சரிவும் வேண்டும். இல்லையென்றால் இரண்டு மழையில் ஒரு பக்கம் அமுங்கி எஞ்சின் சாயும்.

ஷெட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆள் நின்று ஸ்பேனர் திருப்ப இரு பக்கமும் குறைந்தது 1.2 மீட்டர் வேண்டும். இரண்டு மீட்டர் அகல எஞ்சினுக்கு நாலரை மீட்டர் அகல ஷெட். டார்ப்பாய் போதும் என்று ஆரம்பிக்காதீர்கள். உலோகத்தின் மேல் ஒட்டிக் கிடக்கும் டார்ப்பாய்க்குள் ஈரம் தங்கி, திறந்தவெளியில் நிற்பதைவிட வேகமாகத் துருவேறும். கிழிந்து படபடக்கும் டார்ப்பாயைப் போல வீட்டின் முகத்தைக் கெடுப்பதும் வேறில்லை.

பலரும் மறப்பது ஒன்று உண்டு. நீராவி எஞ்சினில் பாய்லர் குழாய்களை மாற்றும்போது பழையவற்றை முன்பக்கப் புகைப்பெட்டி வழியாக நீளவாக்கில் உருவ வேண்டும். குழாய் இரண்டு மீட்டர் என்றால் எஞ்சினுக்கு முன்னால் இரண்டரை மீட்டர் காலியாக இருக்க வேண்டும். அங்கே சுவர் வந்துவிட்டால் அந்த வேலையே நடக்காது. துணையிடம் காட்டும் வரைபடத்தில் இந்த இடத்தையும் ஆரம்பத்திலேயே போட்டுவிடுங்கள்.

5. கொண்டுவந்து இறக்குற அன்னைக்கு வீட்டுக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயப்படறாங்க.

நியாயமான பயம். பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள் அல்ல, கிரேன் நிறுவனத்தின் பொறுப்பாளர். அவரை முன்கூட்டியே வரவழைத்து இடத்தைக் காட்டுங்கள், உங்கள் துணையும் கூட நிற்கட்டும். பொதுவாக இருக்கும் தவறான எண்ணம், 50 டன் கிரேன் 50 டன்னைத் தூக்கும் என்பது. கிரேனை ஒட்டினாற்போலத் தூக்கும்போதுதான் அந்த எண். கை 12 மீட்டர் நீண்டால் தூக்கும் திறன் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். ஆகவே பத்து டன் எஞ்சினை வீட்டின் மறுபக்கம் இறக்க, நினைப்பதைவிடப் பெரிய கிரேன் தேவைப்படும்.

கவனிக்க வேண்டியது தரைக்கு மேலே மட்டுமல்ல. கிரேனின் பக்கக் கால் ஒவ்வொன்றும் பல டன் சுமையை ஒரு சிறு சதுரத்தில் இறக்கும். அதன் கீழே செப்டிக் டேங்க், கழிவுநீர்க் குழாய், பழைய கிணறு எதுவும் இருக்கக் கூடாது. கால்களுக்கு அடியில் கனமான மரப்பலகை அடுக்க வேண்டும். மேலே மின்கம்பி இருந்தால் மின்வாரியத்திடம் முன்பே பேசி இணைப்பைத் துண்டிக்க ஏற்பாடு செய்ய வேண்டும். கேட் அகலம், தெருமுனை வளைவு, தாழ்ந்த மரக்கிளை ஆகியவற்றை ட்ரெய்லர் ஓட்டுநர் நேரில் வந்து பார்க்க வேண்டும். கிரேன் நிற்க இடமில்லை என்றால் ட்ரெய்லரிலிருந்து சரிவுத் தண்டவாளம் போட்டு விஞ்ச் (கம்பிவடத்தைச் சுற்றி இழுக்கும் பொறி) கொண்டு இறக்கலாம். அப்போது இழுக்கும் விஞ்ச் ஒன்று போதாது. பின்னாலிருந்து பிடித்து நிறுத்த இரண்டாவது விஞ்ச் கட்டாயம்.

6. பணம்? இதுலதான் சண்டையே வருது.

சண்டை வருவது தொகையால் மட்டுமல்ல, தொகை வளர்வதால். எஞ்சினின் விலையை மட்டும் சொல்லிச் சம்மதம் வாங்கியவர் பிறகு கிரேனுக்கு ஒன்று, ஜல்லிக்கு ஒன்று, ஷெட்டுக்கு ஒன்று என்று வந்து நிற்கிறார். ஒவ்வொன்றும் ஒரு பொய்யைப் போலவே காதில் விழும். போக்குவரத்து, பாதை, ஷெட் மூன்றும் சேர்ந்தால் சிறு எஞ்சினின் விலையைத் தாண்டுவது சாதாரணம். ஆகவே முதல் நாளே ஆறு தலைப்புகளில் எழுதுங்கள்: வாங்கும் விலை, போக்குவரத்தும் கிரேனும், பாதையும் ஷெட்டும், பழுதுபார்ப்பு, ஆண்டுக் காப்பீடும் சோதனையும், கடைசியாக வெளியே எடுக்கும் செலவு. மொத்தத்தின் மேல் கால் பங்கு கூடுதல் போடுங்கள்.

இதற்கென்று தனி வங்கிக் கணக்கு வைத்து மாதம் ஒரு நிலையான தொகையை மட்டும் அதில் போடுவது நல்ல முறை. கணக்கில் இருந்தால் வேலை நடக்கும், இல்லையென்றால் நிற்கும். வீட்டுப் பணத்திலிருந்து கடன் வாங்குவதில்லை என்ற விதியை மீறவே கூடாது. வெளியே எடுக்கும் செலவை அதில் முதலிலேயே ஒதுக்கிவிட்டால், "பிடிக்கலைன்னா எடுத்திடலாம்" என்ற உங்கள் வார்த்தைக்குப் பின்னால் பணம் நிற்கும். துணையின் மனத்தை மாற்றுவதில் இதற்கு ஈடான வாதம் இல்லை.

7. வீடெல்லாம் கிரீஸும் துருவும் ஆகும்கிறாங்க. துவைக்கிறது யாருன்னு கேக்கறாங்க.

நீங்கள்தான். ஆனால் கிரீஸைவிடப் பெரிய விஷயம் இருக்கிறது. பழைய நீராவி எஞ்சின்களில் பாய்லரைச் சுற்றிய வெப்பக் காப்பு பெரும்பாலும் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ். டீசல்களின் பிரேக் கட்டைகளிலும் மின்பலகைகளிலும்கூட இருக்கலாம். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கும். பழைய மின்சார எஞ்சின்களின் டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயில் பாலிகுளோரினேட்டட் பைபினைல் என்ற நச்சு இருக்க வாய்ப்பு உண்டு. ஆஸ்பெஸ்டாஸ் அகற்றப்பட்டது என்ற சான்றிதழ் கையில் கிடைக்காமல் எஞ்சின் உங்கள் வாசலுக்கு வரவே கூடாது. அகற்ற வேண்டியிருந்தால் உரிய அனுமதி பெற்றவர்கள் விற்பவரின் இடத்திலேயே அகற்றி முடிக்கட்டும். "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று குழந்தைகள் இருக்கும் வீட்டில் சொல்லக் கூடாத ஒன்று இது.

ஈயப் பெயின்ட்டை உலர்வாகத் தேய்க்காதீர்கள். ஈரப்படுத்திச் சுரண்டி, கீழே விரித்த ஷீட்டோடு சுருட்டி எடுக்க வேண்டும். வேலை உடையும் காலணியும் ஷெட்டிலேயே மாற்ற ஒரு அலமாரி, கை கழுவ ஒரு குழாய், அந்தத் துணிகளுக்குத் தனி வாஷிங் மெஷின் அல்லது தனி வாளி. எஞ்சினுக்கு அடியில் எண்ணெய்த் தட்டு வைத்தால் ஜல்லியும் மண்ணும் கெடாது. வாங்கியவுடன் பழைய டீசலையும் எண்ணெயையும் வடித்து, அவற்றைச் சேகரிக்கும் நிலையத்தில் ஒப்படையுங்கள்.

8. சத்தமும் புகையும் அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு ஆகாதா?

எஞ்சின் ஓடும் நாட்கள் கொஞ்சம். விசில் ஒரு நொடியில் முடிந்துவிடும். உண்மையான தொந்தரவு பழுதுபார்க்கும் ஆண்டுகளில் வருகிறது. துருவைக் கொத்தி எடுக்கும் காற்றுச் சுத்தி, கிரைண்டர், கம்ப்ரசர் ஆகியவற்றின் சத்தம் மூடிய ஜன்னலையும் தாண்டும். சத்தமான வேலைக்கு வாரத்தில் நான்கு மணி நேரம் என்று நிர்ணயித்து, அந்த நேரத்தைத் துணையே தேர்ந்தெடுக்கட்டும். அண்டை வீட்டாரிடம் எஞ்சின் வருவதற்கு முன்பே நீங்களே போய்ச் சொல்லுங்கள். அவர்களது புகார் வந்து சேரும் இடம் பெரும்பாலும் உங்கள் துணையின் காது.

நீராவி எஞ்சினில் நெருப்பு மூட்டும் முதல் அரை மணி நேரம்தான் அடர்புகை. சிறு எஞ்சினில் அழுத்தம் ஏற இரண்டு, மூன்று மணி நேரம் ஆகும். அதை அவசரப்படுத்தினால் பாய்லர் தகடுகளும் குழாய்களும் வெவ்வேறு வேகத்தில் விரிந்து இணைப்புகள் கசியும். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்துத்தான் அந்த நாளைக் குறிக்க வேண்டும்.

9. குழந்தைகள் ஏறி விளையாடுவாங்களே?

ஏறத்தான் செய்வார்கள். பாதையின் இரு முனையிலும் தரையில் போல்ட் அடித்த தடுப்பு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் ஆப்பு, கைப்பிரேக்கில் சங்கிலி, கேபினுக்குப் பூட்டு, திசை மாற்றும் கைப்பிடியைக் கழற்றி வீட்டுக்குள் வைப்பது ஆகிய ஐந்தும் கட்டாயம். எஞ்சினுக்கு அடியில் நின்று வேலை செய்ய ஷெட்டில் பள்ளம் வெட்டியிருந்தால் பலகை போட்டு மூடுங்கள். சாவியில் ஒன்று துணையிடம் இருக்கட்டும்.

ஓட்டும் நாளில் வேறொரு ஆபத்து சேர்ந்துகொள்கிறது. வால்ட் டிஸ்னி தன் வீட்டுத் தோட்டத்தில் ஓட்டிய கரோல்வுட் பசிஃபிக் ரயில் எட்டில் ஒரு பங்கு அளவு மாதிரிதான். அதுவே 1953இல் தடம்புரண்டு, வெளிவந்த நீராவியால் ஒரு குழந்தைக்குக் காயம் பட்டது. அத்தோடு அவர் அந்த ரயிலை நிறுத்திவிட்டார். முழு அளவு எஞ்சினில் அழுத்தம் இருக்கும்போது குழந்தைகள் வேலிக்கு வெளியேதான் நிற்க வேண்டும்.

10. நீராவியா, டீசலா? எதுக்குச் சம்மதம் சுலபமா கிடைக்கும்?

டீசலுக்கு. சிறு டீசல் எடை குறைவு, உதிரி பாகங்கள் லாரி மெக்கானிக்குக்குப் பழக்கமானவை, ஒரு மாலை நேரத்தில் கிளப்பி அணைத்துவிடலாம். நீராவி எஞ்சினை ஓட்ட வேண்டுமென்றால் பாய்லருக்குத் தண்ணீர் அழுத்தச் சோதனை, நீராவிச் சோதனை, தகுதியுள்ள ஆய்வாளரின் சான்று, காப்பீடு எல்லாம் வேண்டும், அவையும் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை. செலவில் பெரும்பங்கைப் பாய்லர்தான் விழுங்கும்.

நெருப்பு மூட்டாமல் நிறுத்தி வைப்பது மட்டும் நோக்கம் என்றால் நீராவியும் எளிதாகிவிடும். புகைப்பெட்டியில் தங்கிய சாம்பலை முழுவதும் வாரி எடுங்கள். அதிலுள்ள கந்தகம் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி அடித்தகட்டைத் தின்றுவிடும். பாய்லரையும் தொட்டியையும் வடித்து உலரவிட்டு, புகைபோக்கிக்குக் காற்று போகும்படி மூடி போடுங்கள்.

11. "எத்தனை வருஷத்துல முடியும்?"னு கேட்டா என்ன சொல்றது?

எல்லாம் கழற்றிப் பார்க்கும்வரை தெரியாது என்பதை உண்மையாகவே சொல்லுங்கள். நல்ல நிலையிலுள்ள சிறு டீசல் ஒரு ஆண்டில் ஓடக்கூடும். நெருப்புப் பெட்டி அரித்துப்போன நீராவி எஞ்சினுக்குப் பத்து ஆண்டுகள் ஆச்சரியமில்லை. தேதி கொடுப்பதற்குப் பதிலாக வேலையைக் கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்குத் தெரியும் கட்டத்தை முதலில் வையுங்கள். ஒரு பக்கத்தைச் சுத்தம் செய்து பெயின்ட் அடித்து, கழற்றிய பாகங்களைப் பெட்டிகளில் அடுக்கி மூடிவிட்டால், ஜன்னலிலிருந்து பார்ப்பவருக்கு அது எஞ்சினாகத் தெரியும். மண்ணில் சிதறிக் கிடக்கும் இரும்போடு ஐந்து ஆண்டு வாழ யாரையும் கேட்காதீர்கள்.

12. எழுதி வச்சுக்கணுமா? புருஷன் பொண்டாட்டிக்குள்ள எதுக்கு ஒப்பந்தம்?

அதே டிஸ்னிதான் இதற்கும் உதாரணம். அவர் தன் மனைவி லில்லியனுடன் ரயில் பாதைக்கான உரிமை ஒப்பந்தம் ஒன்றையே எழுதி, குடும்பத்தினர் எல்லோரும் கையெழுத்திட்டார்கள். லில்லியனின் பூப்படுகை கெடாமல் இருக்க அதன் கீழே 90 அடிக்குச் சுரங்கம் வெட்டினார். எஞ்சினுக்கு லில்லி பெல் என்று அவர் பெயரையே சூட்டினார். விளையாட்டாக எழுதியதுதான், ஆனால் பூப்படுகை தப்பியது நிஜம்.

உங்கள் தாளில் இவை இருக்கட்டும்: எஞ்சின் தாண்டக் கூடாத எல்லை, மொத்தச் செலவின் உச்சம், சத்தத்துக்கான நேரம், வேலை செய்யாத நாட்கள், இரண்டாவது எஞ்சின் அல்லது வேகன் வாங்குவதற்குத் தனிச் சம்மதம், இத்தனை ஆண்டு தொடப்படாமல் கிடந்தால் விற்றுவிடுவது. கடைசி இரண்டும்தான் துணைக்கு உண்மையான பலம். ஒன்று வந்தால் அதற்கு உதிரி பாகம் தர இன்னொன்று வரும் என்பது இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரியும்.

13. "உங்க இஷ்டம், என்னவோ பண்ணுங்க"ன்னுட்டாங்க. இது சம்மதம்தானே?

இல்லை. அது சோர்வு. "இடம், பணம், நேரம் மூணுல எது உனக்கு ரொம்ப உறுத்துது?" என்று கேளுங்கள். பதில் வந்தால் பேச்சு உயிரோடு இருக்கிறது. "எல்லாம்தான்" என்று வந்தால் மூன்று மாதம் அந்தப் பேச்சையே எடுக்காதீர்கள். அவரே கேட்டால் மட்டும் தொடருங்கள்.

14. முடியவே முடியாதுன்னு சொல்லிட்டாங்க. வேற வழி?

"வீட்டில் வேண்டாம்" என்பதும் "எஞ்சினே வேண்டாம்" என்பதும் வேறு வேறு. முதலாவது என்றால் எஞ்சினை, பழைய எஞ்சின்களைப் பாதுகாத்து ஓட்டும் ஒரு பாரம்பரிய ரயில் பாதையிலோ அருங்காட்சியகத்திலோ ஒப்பந்தப்படி நிறுத்தலாம். அங்கே கிரேன், பள்ளம், தெரிந்த கைகள் எல்லாம் உண்டு. நாலைந்து பேர் சேர்ந்து பங்குக்கு வாங்கலாம். கேபினை மட்டும் வாங்கிக் கருவிகளோடு அமைப்பவர்களும் இருக்கிறார்கள். அது ஒரு அறைக்குள் அடங்கும், ஜல்லி வேண்டாம். ஏழேகால் அங்குல கேஜ் மாதிரி எஞ்சினில் நிஜ நிலக்கரியும் நிஜ நீராவியும் உண்டு, ஆளையும் இழுக்கும்.

எஞ்சினே வேண்டாம் என்றால், ரயில் பாதை ஒன்றில் மாதம் இரண்டு நாள் தன்னார்வலராகப் போய்வரக் கேளுங்கள். அதையும் மறுக்கிறார் என்றால் எஞ்சினில் பிரச்சினை இல்லை. நீங்கள் வீட்டில் இருக்கும் நேரம் ஏற்கெனவே குறைந்துவிட்டிருக்கிறது, முதலில் அதைப் பேசுங்கள்.

15. நான் மறுபக்கம். என் வீட்டுக்காரர்தான் எஞ்சின் வேணும்கிறார். நான் என்ன கேக்கணும்?

கேள்வி 6இல் உள்ள ஆறு தலைப்புகளும் நிரப்பப்பட்ட தாளைக் கேளுங்கள். கேள்வி 7இல் சொன்ன ஆஸ்பெஸ்டாஸ் சான்றிதழைக் கேளுங்கள். எடை என்ன, யார் நிறுத்துப் பார்த்தது என்று கேளுங்கள். "சுமார்" என்று பதில் வந்தால் கிரேன் கணக்கு இன்னும் போடப்படவில்லை என்று பொருள். வாங்குமுன் எஞ்சினை நேரில் பார்க்க நீங்களும் போங்கள், கூடவே வாங்குவதில் லாபம் இல்லாத ஒரு மெக்கானிக்கையும் அழைத்துப் போங்கள்.

பிடித்துப்போனால் உங்களுக்கும் அதில் ஒரு பங்கு கேட்பதில் தவறில்லை. டிஸ்னி நிறுவனத்தின் அனிமேஷன் கலைஞர் வார்ட் கிம்பல் 1938இல் நெவாடாவிலிருந்து முழு அளவு நேரோ கேஜ் எஞ்சினை வாங்கிக் கலிஃபோர்னியாவில் தன் வீட்டுக் கொல்லையில் ஓடவைத்தவர். அவர் மனைவி பெட்டியும் அந்த ரயிலின் கூட்டாளி. பின்னால் வந்த சிறு எஞ்சினுக்கு மகள் குளோயியின் பெயரைத்தான் வைத்தார்கள். நிறம் எது, பெயர் என்ன, யாரையெல்லாம் ஓட்டநாளுக்கு அழைப்பது என்பதெல்லாம் உங்கள் கையிலும் இருக்கட்டும்.

16. "நாளைக்கு உங்களுக்கு ஏதாவது ஆனா, இந்த இரும்பை நான் என்ன பண்றது?"ன்னு கேட்டாங்க. வாயடைச்சுப் போச்சு.

இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் வாங்கவே கூடாது. இங்கிலாந்தில் கேட்பி என்ற ஊரின் பாதிரியார் டெட்டி பாஸ்டன் தன் இல்லத் தோட்டத்தில் 'பிக்ஸி' என்ற 1919ஆம் ஆண்டு நேரோ கேஜ் நீராவி எஞ்சினை ஓட்டிவந்தார். அவர் 1986இல் இறந்த பிறகு மனைவி ஆட்ரி அந்த ரயிலை 2005வரை நடத்தினார். அது அவர் விரும்பி ஏற்றது. உங்கள் துணைக்கு அந்த விருப்பம் இருக்கும் என்று நீங்களாக முடிவுகட்ட முடியாது.

ஒரு கோப்பு போடுங்கள். அதில் வாங்கிய ரசீது, எஞ்சினின் எண்ணும் எடையும், தூக்கும்போது சங்கிலி மாட்டும் இடங்களைக் குறித்த படம், கிரேன் நிறுவனத்தின் தொலைபேசி எண், பாய்லர் சான்றுகள், எஞ்சினை வாங்கவோ ஏற்கவோ எழுத்தில் சம்மதித்த இரண்டு பேரின் விவரம், வெளியே எடுக்க ஒதுக்கிய பணம் இருக்கும் கணக்கு ஆகியவை இருக்க வேண்டும். கழற்றிய பாகங்கள் எந்தப் பெட்டியில் என்ற பட்டியலும் வேண்டும். பாகம் தொலைந்த எஞ்சின் பழைய இரும்பு விலைக்குத்தான் போகும். கோப்பை ஷெட்டில் வைக்காதீர்கள். வீட்டுப் பத்திரம் இருக்கும் அதே இடத்தில் வைத்து, அதைத் துணையிடம் திறந்து காட்டுங்கள்.